கை சரியில்லை

படத்தில் இருந்த பெரியவருக்கு வலது கையில் ஆறு விரல். அதைப் பார்த்ததும் ஓவியருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

போன மாதம்தான் விளம்பர அலுவலக முதலாளி, தானே படம் வரையும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார். "இனிமே இது வரையும். தப்பு இருந்தா நீங்க திருத்துங்க," என்று சொல்லிவிட்டார். தப்பே வராவிட்டால் தன் கதி என்ன என்று ஓவியருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வேலை இதுதான். ஒரு பேக்கரியின் புதுக் கடையில் மாட்ட, பேக்கரியைத் தொடங்கி, இப்போது மறைந்துவிட்ட பெரியவரின் படம் வேண்டும், கையில் ரொட்டித் தட்டோடு. அவர் மகள் பழைய புகைப்படங்களைக் கட்டாக அனுப்பியிருந்தாள். ஓவியர் முகம் தெரிந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்தார். மூக்கின் வளைவு, காதோர நரை எல்லாம் அச்சு அசலாக வந்தன. விரல்தான் ஒன்று கூடுதல்.

மெஷினுக்கு விரல் எண்ணத் தெரியாது என்று ஊரே சொல்வது சரிதான் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். ஆறாவதை அழித்து அனுப்பினார்.

கடை திறப்பு வேலையில் மூழ்கியிருந்த மகளிடமிருந்து ஒரே வரி வந்தது: 'கை சரியில்லை.'

கட்டைவிரலைத் தடிமனாக்கினார். பதில் அதேதான்: கை சரியில்லை. மெஷினையே புதிதாக வரையச் சொன்னார். மறுபடியும் ஆறு. ஐந்துதான் வேண்டும் என்று அதட்டி எழுதினார். ஐந்து போட்டது, தட்டைக் கீழே போட்டுவிட்டது.

இதன் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது என்று அவருக்குக் குடைச்சல் எடுத்தது. தபால்காரரை வரையச் சொன்னார், டாக்டரை வரையச் சொன்னார். எல்லோருக்கும் ஒழுங்காக ஐந்து.

"தட்டு கனம்னு நெனச்சு ஒரு விரலைச் சேத்துவிட்டிருக்கும்," என்றாள் மனைவி.

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

கையைத் துண்டால் மூடி அனுப்பினார். 'கை எங்கே?' என்று வந்தது. கடைசியில் சமையலறையில் தானே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி படமெடுத்தாள். அந்தக் கையைப் பெரியவருக்கு ஒட்டவைத்தார். இனி யார் குறை சொல்ல முடியும்?

மறுநாள் பதில் வரவில்லை. மகளே வந்துவிட்டாள், தாயையும் கூட்டிக்கொண்டு. முதலாளி தன் கையாலேயே நாற்காலி எடுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். "முகம் அவரேதான். கை யாரோடது தம்பி?"

வேறு வழியில்லை. ஓவியர் முதல் படத்தைத் திறந்து காட்டினார். "மெஷின் இப்படித்தாம்மா போட்டுச்சு. இந்தத் தப்பைத் திருத்தத்தான் இவ்வளவு பாடு."

அந்த அம்மாள் திரையை மெல்லத் தடவினார்.

"அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே ஆறு விரல், தம்பி. அது போட்டோவையெல்லாம் பார்த்திருக்கு."