விழுந்து கும்பிட்டவன் எழவில்லை

புது சைக்கிள் வாங்கியவனிடம் யாரும் நேரம் கூடக் கேட்கக் கூடாது. நேரத்தைச் சொல்லிவிட்டு, சைக்கிளில் எத்தனை கியர் என்பதையும் சொல்லியே விடுவான். நானும் அப்படித்தான் திரிந்தேன்.

அப்போதுதான் எனக்குப் பெண் உறுதி செய்ய கீழச்சிவல்பட்டிக்குப் போகும் நாள் வந்தது. "தம்பி ராமேஸ்வரம் வரைக்கும் சைக்கிள்லயே போவான்" என்று அக்கா அங்கே அளந்துவிட்டிருந்தாள். (நான் போனது தேவகோட்டை வரை. திரும்பியது பஸ்ஸில்.) அந்த மானத்தைக் காப்பாற்ற, வீட்டார் காரில் போக, நான் காரைக்குடியிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். அக்கினி நட்சத்திர வெயில்.

"தண்ணியக் குடிச்சுக்கிட்டே போடா," என்றாள் அம்மா. ஒரு சொட்டு குடிக்கவில்லை. அதற்கு நான் வைத்திருந்த காரணம் அப்போது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது சட்டையெல்லாம் உப்பு பூத்திருந்தது. வேட்டி சட்டைக்கு மாறிக் கூடத்தில் உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். மரியாதைக்கு உதட்டை நனைத்து வைத்துவிட்டேன். பெண் செல்வி, திருப்பத்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பார்த்ததுமே எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனி அவளுடைய தாய்மாமன் சரி என்றால் முடிந்தது.

"மாமா கால்ல விழுந்து கும்பிட்டுக்கப்பா," என்றார் அப்பா.

விழுந்தேன். கும்பிட்டேன். எழ முடியவில்லை. இரண்டு கெண்டைக்கால்களும் முறுக்கிக்கொண்டன.

"நல்லா இருங்க மாப்ள. எந்திரிங்க."

நான் அசையவில்லை.

"அட, போதும் மாப்ள! இம்புட்டு மரியாத எதுக்கு?"

"ஆ!" என்று உருண்டேன்.

மாமா துள்ளிப் பின்வாங்கினார். "என்னங்க, மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்கா? சொல்லவே இல்லையே நீக!"

யாரோ ஓடிப்போய் இரும்பு வேண்டுமென்று வாசக்கதவுச் சாவியை எடுத்து வந்து என் கையில் திணித்தார்கள். (அந்த ஊர்ச் சாவியைத் தூக்க நல்ல ஆளுக்கே தெம்பு வேண்டும்.) அம்மா அழ ஆரம்பித்தாள். போச்சு, கல்யாணம் போச்சு என்று நினைத்தபோது காலைவிட மனசு அதிகம் வலித்தது.

அப்போது செல்வி முன்னால் வந்தாள். "வலிப்புமில்ல, ஒண்ணுமில்ல மாமா. கால்ல கொரக்கு புடிச்சிருக்கு." பிறகு என்னிடம், "வழியில தண்ணி குடிச்சீகளா?"

"இல்ல."

"ஏன்?"

கூடமே காதைத் தீட்டிக்கொண்டது. மழுப்பினால் வலிப்புச் சந்தேகம் தீராது, உண்மையைச் சொன்னால் மானம் போகும். கல்யாணம்தான் முக்கியம் என்று முடிவெடுத்தேன்.

"வந்ததும் வராததுமா, பொண்ணு வீட்டுல பாத்ரூம் எங்கன்னு கேக்கணுமேன்னுதான்..."

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. செல்வியின் அண்ணன் என் காலை நீட்டிப் பாதத்தை மேலே வளைத்துப் பிடித்தார். உப்புப் போட்ட மோர் செம்பு செம்பாக வந்தது. "இம்புட்டு வெக்கப்படுற ஆளு நம்ம புள்ளைய நல்லா வச்சுக்குவாரு," என்று மாமா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்.

இன்றும் அந்த வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே, 'வாங்க' என்பதற்கு முன்னால், தெருவுக்கே கேட்கிற மாதிரி மாமாவின் குரல் வரும்:

"மாப்ள, பாத்ரூம் அங்குட்டு இருக்கு! போயிட்டு வந்து உக்காருங்க!"