அணில் முதுகில் மெமரி கார்டு

ஒரு காட்டில், சிக்னலைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் காட்டில், ஓர் அணில் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. ஞாபகம்தான் சுத்தமாகக் கிடையாது. கோடையெல்லாம் பாதாம் கொட்டைகளைப் புதைக்கும். மழை வந்ததும் எங்கே புதைத்தோம் என்று தலையைச் சொறியும். போன மழைக்குக் குட்டிகள் பட்டினி.

இடங்களை இலையில் கீறி வைத்துப் பார்த்தது, மான் தின்றுவிட்டது. மரப்பட்டையில் கீறியது, யானை முதுகு சொறிந்து மரத்தையே சாய்த்துவிட்டது.

"இனிமே எதையும் வெளியில வைக்கிறதா இல்ல. உடம்புக்குள்ளயே வச்சுக்கப் போறேன்" என்றது அணில்.

சுற்றுலா வருகிறவர்கள் காட்டில் போடாத பொருள் உண்டா? உடைந்த கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்தது. யாரோ தொலைத்த ஒற்றைக் காது ப்ளூடூத்தை அதோடு சேர்த்தது. ஈரம் புகாமலிருக்கத் தேன்மெழுகில் முக்கியது. மரங்கொத்தி டாக்டர் முதுகில் கீறி உள்ளே வைத்தார். தையல்சிட்டு தைத்தது. முதுகுக் கோடுகளுக்குள் தையல் தெரியவே இல்லை.

"வலிக்குதாக்கா?" என்றது தையல்சிட்டு.

"வலிச்சாப் பரவால்ல. மறக்காதுல்ல?"

மறக்காதுதான். ஆனால் அதில் பதியவும் படிக்கவும் ஒரு போன் வேண்டும் என்பது தைத்து முடித்த பிறகுதான் அணிலுக்கு உறைத்தது. அந்தக் காட்டில் போன் வைத்திருந்தது குரங்கு மட்டும், அதுவும் ஒரு பயணியிடம் பறித்தது.

"தாராளமா வாங்க. நீங்க சொல்லிப் பதியுங்க, நான் காதைப் பொத்திக்கிறேன்" என்றது குரங்கு. பொத்தவும் செய்தது. விரலிடுக்குதான் கொஞ்சம் பெரிது. அணில் ஒவ்வோர் இடமாகப் போனில் சொல்லி, கடவுச்சொல்லையும் சத்தமாகச் சொல்லிப் பூட்டிவிட்டு, நிம்மதியாக வீடு திரும்பியது.

மழை வந்தது. குரங்கிடம் போய் இடங்களைப் படித்துக்கொண்டு அணில் தோண்டிப் பார்த்தது. எல்லாம் வெறுங்குழி. குழிக்குக் குழி குரங்கின் கைத்தடம்.

"பசிக்குதும்மா" என்றன குட்டிகள். அணிலுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

பழைய கதையென்றால் அணில் இப்போது சிங்கராஜாவிடம் முறையிடும். அவரும் நியாயம் வழங்குவார். நம் அணில் விவரமானது. நேரே குரங்கிடமே போனது.

"அண்ணே, யாரோ எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. போகட்டும். முந்திரி பதுக்கின இடம் ஒண்ணு பாக்கியிருக்கு, அதைப் பதியணும். காதைக் கெட்டியாப் பொத்திக்குங்க."

குரங்கு பெருந்தன்மையாகப் பொத்தியது.

"சிறுத்தையோட குகை, கடைசி மூலை. மத்தியானத்துல சிறுத்தை அங்க இருக்காது" என்று போனில் பதிந்துவிட்டு அணில் கிளம்பியது.

அன்று மத்தியானம் சிறுத்தை வயிறாரச் சாப்பிட்டது. போனை மட்டும் துப்பிவிட்டது.

குரங்கின் மரப்பொந்தில் கொட்டைகள் அத்தனையும் இருந்தன, பறித்த பிஸ்கட்டுகளோடு. அணில் எதையும் வேறிடத்துக்கு மாற்றவில்லை, மாற்றினால் மறந்துபோகும். குட்டிகளைக் கூட்டிவந்து அங்கேயே குடியேறிவிட்டது.

மறுநாள் சிறுத்தை அந்தப் போனைக் கவ்விக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தது.

"இதை வேற யார்கிட்டயாவது குடுத்து வை தாயி" என்றது, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, மரியாதையாக.

நீதி: தகவலைப் பாதுகாக்கக் கடவுச்சொல் மட்டும் போதாது; பக்கத்தில் ஒரு சிறுத்தையும் வேண்டும்.