வார்டன் சாவு

ஒரு வேலையில் மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் எனக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டதும் அதனால்தான். பட்டிப்பொல ஸ்டேஷனில் மூட்டை சுமந்தேன். அட்டனில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். லொறி கிளீனராகப் போய், டிரைவரோடு சண்டை போட்டு, நடுவழியில் இறங்கி நடந்தேன். பட்டினி கிடந்த நாட்களும் உண்டு; அது அப்போது பெரிய விஷயமில்லை.

இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்? வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவரிடம் அவர் மகள் செல்லம்மாவைக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆறு மாசம் ஒரே எடத்துல வேல பாருங்க தம்பி. அப்புறமா பொண்ணப் பத்திப் பேசுவோம்" என்றார். (முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னாராம்.)

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். அந்தத் தோட்டத்து மேட்டில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவை, மலையில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விடுதியாக்கினார்கள். நான் அதற்கு வாச்சரானேன். பலகைத் தரை, அறைக்கு ஒரு கணப்பு. நனைந்த காலுறையிலிருந்து கம்பளிக் கோட்டு வரை பிள்ளைகள் கணப்பில்தான் காயவைப்பார்கள். ஒருநாள் ஒரு கோட்டில் தீப்பற்றி, அது மெத்தைக்கும் தாவ, இரண்டையும் ஜன்னல் வழியே வீசினோம்.

அன்றோடு விடுதி வார்டனின் நிம்மதி போயிற்று. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நெருப்பெண்டால் ரெண்டு நிமிசத்துக்குள்ள எல்லாரும் வெளியில நிக்க வேணும். சனிக்கிழமை பழகிப் பாப்பம். மணி உடைஞ்சு கிடக்கு. பெரிய சத்தம் போடுற சாமான் ஏதும் இருக்கோ?"

"தப்பு மேளம் இருக்குங்க ஐயா. மலைக்கே கேக்கும்."

"அடிக்கத் தெரியுமோ?"

"நல்லா அடிப்பேங்க."

தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூட்ட ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தப்புச் சத்தத்தை வைத்தே லயக் குடியிருப்புச் சனம் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும். பெரட்டு நேரத்தில் நான் என்றைக்கும் விழித்திருந்ததில்லை. கல்யாணங்களில் என் கவனமெல்லாம் பந்தியில். சாவு ஊர்வலத்தில் மட்டும் தப்புக்காரர்களை ஒட்டியே போவேன். கைக்கு வந்தது அந்த ஓர் அடிதான். நெருப்புக்கு எந்த அடியானால் என்ன என்று நினைத்தேன். (பெரிய மூளைக்காரன்!)

சனிக்கிழமை காலை. ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பதே நாள். பங்களாவுக்கு நேர்கீழே கங்காணி தன் ஆட்களோடு கொழுந்து பறிக்கும் மலையில் நின்றார். வருங்கால மருமகனின் சுறுசுறுப்பு அவர் காதில் விழட்டும் என்று பலமாகவே அடித்தேன்.

புகையில் மயங்கியவரைத் தூக்கிவருவதும் பயிற்சியில் உண்டு. மயங்க எந்த மாணவரும் சம்மதிக்காததால் வார்டனே ஒரு பலகையில் நீட்டிப் படுத்தார். கடைசி ஆள் வெளியே வரும்வரை அசையமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். தூறல் விழுந்ததால் மாணவர்கள் வெள்ளை விரிப்பைத் தலை வரைக்கும் இழுத்து மூடி, நாலு பேராகத் தோளில் தூக்கிவந்து புல்தரையில் இறக்கினார்கள். நான் முன்னால் தப்படித்து வந்தேன். குளியலறையில் சோப்பு நுரையோடு நின்ற ஒருவருக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

கீழே கொழுந்து பறித்த பெண்களின் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"பங்களாவுல சாவுடி!"

"வயசானவரு வார்டன் ஐயா ஒருத்தருதானே. ஐயோ, அவரேதான்!"

எனக்கு விஷயம் உறைப்பதற்குள் இருபது பெண்கள் மேடேறி வந்து, பலகையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பாரியில் பேர்போன ராக்காயி அக்கா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"யாப்பாணத்து ராசாவே! எங்க மலக்குளிரு ஒங்களக் கொன்னுருச்சே! ஒங்களப் பெத்தவளுக்கு நாங்க என்னான்னு சொல்லுவோம்!"

கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். "எப்படிங்க தம்பி ஆச்சு?"

"மாமா, அது வந்துங்க..." என்றேனே தவிர, கை தப்படிப்பதை நிறுத்தவில்லை. மாணவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

அப்போது சோப்புக்காரர் ஓடிவந்து சேர்ந்தார். விரிப்புக்குள்ளிருந்து கடிகாரம் கட்டிய கை ஒன்று வெளியே நீண்டது. பின்னாலேயே வார்டன் எழுந்து உட்கார்ந்தார்.

"பதினொரு நிமிசம்! இவ்வளவுக்கு எல்லாரும் எரிஞ்சு முடிஞ்சிருப்பியள்!"

அதைக் கேட்க ராக்காயி அக்காவின் கூட்டம் அங்கே இல்லை. சரிவில் அலறல் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கங்காணி ஒரு தேயிலைச் செடிக்குள் தலைகீழாக விழுந்து கிடந்தார்.

பயந்துபோன பெண்கள் அன்று மறுபடி கொழுந்து பறிக்க மலையேறவில்லை. கங்காணிக்கும் மேலதிகாரியான தோட்டத்துக் கண்டாக்கு வந்து, என்னை உடனே விரட்ட வேண்டும் என்று குதித்துவிட்டுப் போனார். வார்டன் என்னைக் கூப்பிட்டார். ஒன்பது நாளில் போச்சே என்று நின்றேன்.

"நீர் அடிச்சது என்ன அடி?"

"சாவு அடிங்க ஐயா."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, "அந்த மனுசி என்ன சொல்லி அழுதவ? விரிப்புக்குள்ள வடிவாக் கேக்கேல்லை" என்றார். வரிவரியாகச் சொன்னேன். (ரெண்டு வரி நானே சேத்தேன்.) அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ர வீட்டில கூட இப்பிடி அழமாட்டினம். போய் வேலையைப் பாரும். மணி நான் வாங்கித்தாறன்."

ஒன்பது நாள் கழித்து, தேயிலைக் குச்சி கீறிய முகத்தோடு கங்காணி பெண்ணைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த மலையில் வெறும் புரளிக்கெல்லாம் வார்டன் சாவு என்றே பெயர். பல வருடம் கழித்து என் மாமனார் உண்மையாகவே இறந்தபோது தப்பு அடித்து ஒரு மணி நேரமாகியும் லயத்தில் யாரும் அசையவில்லை. கடைசியில் ராக்காயி அக்கா மட்டும் வந்து, அவர் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் கேட்டாள்:

"நெசமாத்தானா செல்லம்மா, இல்ல ஒம் புருசன் அடிச்சதா?"

அழுதுகொண்டிருந்த செல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பனைத் தூக்கும்வரை அது அடங்கவே இல்லை.