கன்றுக்கும் பசுவுக்கும் நடுவே

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியலில் எழுதாத எதுவும் உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு புது ஹோட்டல் எழும்பியது. கீழே சாப்பாடு, மேலே ஏசி ரூம், வாசலில் ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அந்தக் கதவை மாட்டியது எங்கள் கம்பெனி; அதாவது, வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான நான். திறப்பு விழாவன்று ஹோட்டல் முதலாளி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிரந்தரம்.

முப்பத்திரண்டு சோதனைகள் எழுதி, அத்தனைக்கும் டிக் அடித்திருந்தேன். பத்தொன்பதாவது என் சொந்த மூளையில் உதித்தது: தெருநாய் வந்தால் கதவு திறக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே எது அசைந்தாலும் கண்டுகொள்ளாதபடி சென்சாரைத் திருத்தினேன். (விருதே கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.)

விழாவன்று காலை பத்தே காலுக்கு மாடு வந்தது. புதுக் கட்டடத்துக்குள் பசுவும் கன்றும்தான் முதலில் நுழைய வேண்டுமாம், அதுவும் பத்தரைக்குள். முப்பத்திரண்டில் இது இல்லை.

முன்னால் வந்த கன்று என் இடுப்பு உயரம்கூட இல்லை. கதவு அசையவில்லை. கன்று கண்ணாடியில் மூக்கை உரசியபடி நின்றது. அது நின்றதால் தாய்ப்பசு லெச்சுமியும் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"என்னம்மா, ஆளு வந்தா தானாத் தொறக்கும்னீங்க?" என்றார் முதலாளி.

"ஆளு வந்தா தொறக்கும் சார்..."

"அப்ப எங்க லெச்சுமி ஆளு இல்லையா?" மாட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நேரம் போகுதுங்க," என்று முதலாளியின் மனைவி கைகளைப் பிசைந்தார். அவரை எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "வாசலே தொறக்கலைன்னா யாவாரம் எப்படித் தொறக்கும்?"

நான் கன்றுக்குப் பின்னால் நின்று, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் ஆட்டினேன். கதவு திறந்தது. கன்று உள்ளே துள்ளி, புது கிரானைட்டில் நாலு காலும் நாலு திசைக்குப் போக, ரிசப்ஷன் வரை வழுக்கிக்கொண்டே போனது. திகைத்துப்போய்க் கையை இறக்கி இரண்டடி பின்வாங்கினேன். கதவு மூடிக்கொண்டது. (மூன்று விநாடியில் மூட வேண்டும்: ஏழாவது சோதனை, டிக்.)

உள்ளே கன்று கத்தியது. வெளியே லெச்சுமி முட்டுவதற்குத் தலையைத் தாழ்த்தினாள்.

"ஏ புள்ள, இங்கிட்டு வந்துரு!" என்று மாட்டுக்காரர் அலறினார்.

இங்கிட்டு வாழைமரம், அங்கிட்டு நாதஸ்வரம். கதவை நோக்கி ஓடினேன். அது என்னை மட்டும் ஆளென்று மதித்துத் திறந்தது. நான் சோபா மேல் ஏறவும், பின்னாலேயே உள்ளே பாய்ந்த லெச்சுமி என்னைத் திரும்பியும் பாராமல் கன்றிடம் போய் நக்கிக்கொடுக்கவும் சரியாக இருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள், ஆச்சியைத் தவிர. "கன்னுக்கும் மாட்டுக்கும் நடுவுல இந்தப் புள்ள பூந்துருச்சே! இது எந்தக் கணக்கு?"

கையெழுத்துப் போட எடுத்த பேனாவை முதலாளி பைக்குள் திரும்ப வைத்தார். என் உயிரும் கூடவே உள்ளே போனது. பூஜைக்கு வந்திருந்த ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், பத்து இருபத்தெட்டு. "கன்னுக்குட்டி, கல்யாணமாகாத பொண்ணு, பசு. மூணும் வரிசையா வர்றது கோடியில ஒருத்தருக்குத்தான் அமையும்," என்றார். (பதினோரு மணிக்கு அவருக்கு வேறு இடத்தில் பூஜை இருந்தது.)

பேனா வெளியே வந்தது. வேலை நிரந்தரமானது. ஹோட்டலும் ஓஹோவென்று ஓட, முதலாளி ஐயர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிறகு அவர் திறந்த ஜவுளிக்கடையிலும் பேக்கரியிலும் கன்றுக்கும் பசுவுக்கும் நடுவே பட்டுப்புடவையில் நுழைந்தது நான்தான். போன வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் திறக்கப்போகும் நகைக்கடைக்காகப் போன் செய்தார்: "மாடு எப்பக் கூப்பிட்டாலும் வந்துரும்மா. ஒங்களுக்கு எந்த நாளு தோதுப்படும்?"

இப்போதெல்லாம் நான் பட்டுப்புடவையைக் கையில் எடுத்தாலே என் தம்பி வாசலை எட்டிப் பார்க்கிறான். "அக்கா, கன்னு வந்துருச்சு. மாடு வர லேட்டாகுமாம், நீ மெதுவாக் கெளம்பு."