ரிச்சர்ட்சன் கண்ட விகிதாசாரம்

"எங்க ஊர்க்காரங்கதானுங்க இங்க ஜாஸ்தி. அதனால தலைவரு எங்காளாத்தான் இருக்க—"

"ஜாஸ்தின்னு யாரு எண்ணுனா? ஹூஸ்டனுக்கு வீடு மாத்திப் போன உம்ம மச்சினனையும் சேத்துல்லா எண்ணுதீரு—"

"அவரு விசேஷம்னா இங்கதானுங்க வர்றாரு—"

"விருந்து திங்க வாரவன்லாம் வாக்காளரா வே?"

மக்களாட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏதென்ஸில் தொடங்கி லண்டனில் முடித்துவிடுகிறார்கள். டெக்ஸாஸ் மாநிலம் ரிச்சர்ட்சன் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தை அவர்கள் விட்டுவிட்டதில் நஷ்டம் வரலாற்றுக்குத்தான். 1999 தீபாவளி விழாவில், வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட உணவுக்கூடத்தில், கோயமுத்தூர் திருமூர்த்தியும் தூத்துக்குடி ஏசுராஜும் மேற்கண்டவாறு 'கருத்துப் பரிமாறிக்கொண்டிருந்ததை', அடுத்த அறையில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்த பவளம் ஒரு சொல் விடாமல் கேட்டாள். சங்கத்தின் எல்லா நிகழ்ச்சிகளையும் அவள் கேட்டிருக்கிறாள். எதையும் பார்த்ததுதான் கிடையாது.

சங்கத்தின் மரபு அப்படி. தமிழை ஆண்கள் வளர்ப்பார்கள். தமிழை வளர்ப்பவர்களைப் பெண்கள் வளர்ப்பார்கள்.

ஆனால் வரும் பொங்கலுக்குப் பவளத்தின் மகள் ஓவியா முதன்முதலாகத் தனியே பரதம் ஆடப்போகிறாள். அதை எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காக ஒரே ஒரு தடவை சாப்பாட்டை ஓட்டலில் ஆர்டர் பண்ணலாமா என்று கரண்டியும் கையுமாக வந்து கேட்டாள். இது 'கொள்கை முடிவு', செயற்குழுதான் எடுக்க முடியும் என்று பதில் வந்தது. செயற்குழுவுக்கோ ஆளில்லை. எல்லாரும் ஆளாக நின்றதால் ஆளில்லை.

அப்போதுதான் செழியன் எழுந்தார். சென்னைக்காரர்; ஆகவே நடுநிலையாளர். டெலிகாம் புராஜெக்ட்டுக்காக ஸ்வீடனில் ஆறு மாதம் குளிர்ந்துவிட்டு வந்திருந்தார். அந்த ஊர் நாடாளுமன்றத்தில் இந்தத் தகராறே இல்லை என்றார். அங்கே ஒவ்வொரு கட்சியும் வரிசையாகப் பெயர்களைக் கொடுக்கும். மொத்த ஓட்டில் எவ்வளவு பங்கோ, இடத்திலும் அவ்வளவு பங்கு. வரிசையில் மேலே இருக்கிற பெயர்கள் உள்ளே போகும். செயற்குழுவுக்கு ஒன்பது இடம். சண்டையே வராது. இப்படிச் சொன்ன செழியனை இரு தரப்பும் அங்கேயே தேர்தல் ஆணையராக்கின.

அதுவரை ஒரு குடும்பத்துக்கு ஓர் ஓட்டு. அதைக் கணவர் போடுவார். ஏசுராஜ் ஒரு கணக்குப் போட்டார். பவளம் உட்பட, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் சிலர் கோயமுத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். ஆகவே கணவனுக்கு அரை ஓட்டு, மனைவிக்கு அரை ஓட்டு வேண்டும் என்றார். இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருந்த திருமூர்த்தி உடனே ஒப்புக்கொண்டார். அந்த அரை ஓட்டுக்குச் சொந்தமாக ஒரு தலை இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பவளத்தின் கணவர் ரஞ்சித்குமார், ஈரோடு, நல்ல மனிதர். "நீ நம்ம வரிசையிலயே நில்லு. ஒம்பதாவது பேரா போடறேன்னு திருமூர்த்தி அண்ணன் சொல்லிட்டாரு" என்றார்.

"ஒம்பதாவது பேரு ஜெயிக்கணும்னா?"

"ஒம்பது சீட்டும் நாம ஜெயிக்கணும்."

மறுநாள் 'சமையலறை முன்னணி' உதயமாயிற்று. வேட்பாளர் ஒருவர். கொள்கை ஒன்று: பொங்கல் சாப்பாடு வெளியிலிருந்து. பாத்திரம் கழுவும் இடத்தில் பிரச்சாரம் நடந்தது. தேர்தலன்று மனைவிமாரைச் சிரமப்படுத்த வேண்டாமென்று பல கணவர்கள் இரண்டு அரையையும் தாங்களே நிரப்பிவிட்டார்கள். அப்படியும் முடிவு இப்படி வந்தது: திருமூர்த்தி அணி நாலு, ஏசுராஜ் அணி நாலு, பவளம் ஒன்று.

அந்த வாரம் பவளத்தின் வீட்டு வாசலில் அரசியல் வந்து நின்றது. ஏசுராஜ் மக்ரூன் கொண்டுவந்து, ஊரில் அவள் சித்தப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்ததை நினைவுகூர்ந்தார். அவளுக்குச் சித்தப்பாவே கிடையாது. திருமூர்த்தி முறுக்கோடு வந்து, என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டார். சொன்னாள்.

"இவ்வளவுதானுங்களா? துணைத் தலைவர் பதவியும் வெச்சுக்கங்க."

"எனக்குப் பதவில்லாம் வேண்டாம் அண்ணே. சாப்பாட்ட ஆர்டர் பண்ணுனா போதும்."

"வேண்டாம்னா எப்படிங்க. பதவி வாங்காம ஆதரவு குடுத்தா, அதுக்குப் பேரு சூழ்ச்சிங்க."

பவளம் துணைத் தலைவரானாள். ஆட்சி அமைந்தது. ஏசுராஜ் தோல்வியைக் கண்ணியமாக ஏற்று, எல்லாவற்றிலும் விகிதாசாரம் கேட்டார். தலைவருக்கு எதிராக ஓர் இணைத் தலைவர், பொருளாளருக்கு ஒரு கண்காணிப்புப் பொருளாளர், மைக் செட்டுக்கு இரு தரப்பிலும் ஒவ்வொரு பொறுப்பாளர். அவர் ஒருவரை நியமித்தால் இவர் ஒருவரை நியமித்தார். மார்கழி முடிவதற்குள் பதவி இல்லாதவர் என்று சங்கத்தில் ஒருவரைக்கூடக் காட்ட முடியாத உன்னத நிலையை ரிச்சர்ட்சன் எட்டியது. ஸ்வீடனுக்கே இது வாய்க்கவில்லை.

புத்தாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் நின்றுவிடும் என்று பயந்திருந்த ஊர் அது. கம்ப்யூட்டர்கள் ஓடின. சங்கம்தான் உட்கார்ந்துவிட்டது, பொங்கலன்று, மேடையில்.

பதவியில் இருப்பவர் மேடையில் அமர்வது தமிழ்ப் பண்பாடு. பள்ளிக்கூட மேடை சின்னது. நாற்காலிகள் வரிசை வரிசையாக விளிம்புவரை வந்துவிட்டன. கீழே சில குழந்தைகளும், விசிட்டர் விசாவில் வந்த இரண்டு மாமனார்களும் இருந்தார்கள். ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்து இறங்கியாயிற்று. பவளம் பட்டுப்புடவை சரசரக்கக் கீழே முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்தாள். கைக்கு வேலையில்லை, எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது மைக்கில் துணைத் தலைவரை அழைத்தார்கள்.

இங்கேயே இருக்கிறேன் என்று சைகை காட்டினாள். திருமூர்த்தியே இறங்கி வந்தார்.

"நீங்க கீழ உக்காந்தா மேடையில நாலுக்கு நாலு ஆயிருமுங்க. ஏசுராஜ் ஓட்டெடுப்பு கேப்பாரு. ஆட்சி போனா, சித்திரைத் திருநாளுக்கு மறுபடியும் நீங்கதான் கரண்டி புடிக்கோணும்."

பவளம் ஏறினாள். தலைவருக்குப் பக்கத்தில், விளிம்பில், நட்டநடுவில் அவள் நாற்காலி.

இரு தரப்பும் சரிசமமாகப் பேசித் தீர்த்த பிறகு, அடுத்து ஓவியாவின் நடனம் என்று செழியன் அறிவித்தார். பலத்த கைதட்டல். அவ்வளவும் மேடையிலிருந்தே வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

செழியன் கெஞ்சினார். முதலில் ஆளுங்கட்சி எழுந்திருக்கட்டும் என்றார் ஏசுராஜ். எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்கும்போது ஆளுங்கட்சி எழுந்தால் அது ராஜினாமா என்றார் திருமூர்த்தி. யார் யார் எந்த வரிசையில் எழுந்தால் விகிதாசாரம் கெடாது என்று பார்க்க, செழியன் லேப்டாப்பை எடுத்துவர ஓடினார்.

பவளம் பாதி எழுந்தாள். பின்வரிசையிலிருந்து இணைச் செயலாளர் ரஞ்சித்குமார் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. கவுந்துரும்."

உட்கார்ந்தாள்.

பக்கவாட்டுப் படியில் சலங்கைச் சத்தம் ஏறி வந்தது. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற ஓவியா, முழு அலங்காரத்தோடு அம்மாவின் நாற்காலி முன்னால் வந்து நின்றாள். அணைக்காமல் விட்டிருந்த மைக்குக்கும் கேட்கும்படி, மெதுவாக, தமிழிலேயே சொன்னாள்:

"அம்மா, நீ உக்காந்திருக்கியே, அதான் நான் ஆடற இடம்."