கழுத்து டாக்டரின் கழுத்து

கட்டிலுக்கு அடியில் ஓடிப்போன செருப்பைத் தேடிக் குனிந்து, இடதுபக்கம் திரும்பினார் கழுத்து டாக்டர். கழுத்துக்குள் 'சுருக்'கென்று ஏதோ பிடித்தது. அதோடு சரி. இடதுபக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவர் கழுத்து மறந்துவிட்டது.

"என்னங்க, செருப்பைத் தேடப் போனவர் அங்கயே படுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கழுத்து பிடிச்சுக்கிச்சு."

அவள் கொஞ்சமாவது பதறுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தலையணையை மடக்கி வச்சுக்கிட்டு ராத்திரி பூரா போனைப் பாத்தா வேற எது பிடிக்கும்? மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கற பயிற்சியைத் தினமும் நீங்களும் செஞ்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எனக்கு நேரம் ஏது?"

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை எடுத்துக் கொடுத்தாள்.

'நேரம் ஏது' என்று சொன்ன நோயாளிகளை அவர் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அவர் பிசியோதெரபிஸ்ட். தெருவில் யாருக்கும் அந்த வார்த்தை வாயில் நுழையாததால் கழுத்து டாக்டர் ஆகிவிட்டார். கையால் அழுத்தி இறுக்கத்தைத் தளர்த்துவார், அப்புறம் பயிற்சி சொல்லிக் கொடுப்பார். அழுத்துவதோடு எழுந்து ஓடப் பார்க்கிறவர்களை விடமாட்டார். "என் கை வலியைக் குறைக்கும். திரும்ப வராம பாத்துக்கறது உங்க பயிற்சிதான்" என்பார். பயிற்சியிலும் அவருக்கு ஒரு கறாரான வழக்கம் உண்டு. எல்லாரையும் எதிரே நிறுத்தித் தானே செய்து காட்டுவார். "நான் என்ன செய்யறேனோ அதை அப்படியே செய்யுங்க. யோசிக்காதீங்க!" அவர்களும் யோசிக்க மாட்டார்கள்.

கழுத்து பிடிக்க இதைவிடக் கெட்ட வாரம் கிடைத்திருக்காது. சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஊழியர்கள் முன்னால் கழுத்துப் பயிற்சி செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அவரை மட்டுமல்ல, மெயின் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் இன்னொருவரையும். யார் நன்றாகச் செய்து காட்டுகிறாரோ அவருக்குத்தான் அந்தக் கம்பெனியின் அத்தனை கழுத்துகளும். அந்த இன்னொருவரை டாக்டர் நேரில் பார்த்ததில்லை. போர்டில் போட்டோ பார்த்திருக்கிறார், தலை நிறையச் சுருள் முடி. அதனால் வீட்டில் பேசும்போது அவர் பெயரே சுருள்முடி.

"அந்தச் சுருள்முடி முன்னாடி நான் திரும்ப முடியாம நின்னா, அப்புறம் கடையைக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்று புலம்பிக்கொண்டே டாக்டர் கிளினிக்குக்குக் கிளம்பினார். இன்று புதன். நடுவில் இரண்டே நாள்.

கிளினிக்கில் காலைப் பயிற்சிக்கு ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். தாடையை உள்ளே இழுத்துக் காட்டினார், எப்படியோ ஒப்பேற்றியாயிற்று. அடுத்தது இடதுபக்கம் திரும்புவது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் கழுத்தை அசைக்காமல், தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கதவு மாதிரி திரும்பினார்.

ஏழெட்டுக் கதவுகளும் திரும்பின.

"டாக்டர், இது புதுசா இருக்கே?" என்றார் டாக்ஸி டிரைவர்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது. "புது முறைதான். முழு உடம்பு முறை. கழுத்துக்கு ஓய்வு குடுக்கணும் பாருங்க."

"அதானே பாத்தேன்! எவ்வளவு சுகமா இருக்கு!" என்று டிரைவர் இன்னொரு தடவை திரும்பினார்.

மத்தியானம் புது நோயாளி ஒருவர் வந்தார். பளபளவென்ற வழுக்கை, முகத்தில் மாஸ்க். சளி என்றார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவராம்.

"குனிஞ்சே இருக்கற வேலைங்க. வலது பக்கம் திரும்பலை. கையில வலி இறங்கலை, மரத்துப் போகலை, தலை சுத்தலை, கீழ விழவும் இல்லை."

கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். டாக்டருக்குச் சந்தோஷம்.

"நெட்டுல பாத்துட்டு வந்திருக்கீங்களாக்கும்?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

குப்புறப் படுக்க வைத்துக் கழுத்தெலும்பின் ஓரமாகக் கட்டைவிரல்களை வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார். கடிகாரக்காரர் நீளமாக மூச்சு விட்டார். "நல்ல கைங்க உங்களுக்கு" என்றார், ஏனோ கொஞ்சம் வருத்தத்தோடு.

"பயிற்சி ஏதாவது செய்யறீங்களா?"

"எல்லாம் தெரியும். செய்யறதில்லை. நேரம் ஏதுங்க?"

டாக்டருக்கு வந்ததே கோபம்! "சோறு தின்ன நேரம் இருக்கு, போன் பாக்க நேரம் இருக்கு, கழுத்துக்குப் பத்து நிமிஷம் கிடையாது! தெரிஞ்சு வச்சுக்கிட்டே செய்யாதவங்களை என்ன சொல்றது?" மனைவி அந்த அறையில் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

கடிகாரக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "மெயின் ரோட்டுலயும் ஒருத்தர் இருக்காராமே?"

"யாரு, அந்தச் சுருள்முடியா? அந்த ஆளுக்குக் கழுத்துக்கும் முழங்காலுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க."

கடிகாரக்காரருக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. சளிதானே, வரத்தான் செய்யும். டாக்டர் தண்ணீர் எடுக்க இடதுபக்கம் மொத்தமாகத் திரும்பினார்.

"அது என்னங்க, முழு உடம்போட திரும்பறீங்க?"

"அது புது முறை."

"எத்தனை நாளா?"

"இன்னிக்குக் காலையிலிருந்து… அதாவது, நம்ம கிளினிக்ல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்."

கடிகாரக்காரர் வாசல்வரை போய், அங்கே நின்று அதே மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வலி இல்லை போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அன்று இரவு மனைவியைக் கழுத்தை அழுத்தச் சொன்னார். அவள் அழுத்த, இவர் "அங்க இல்ல, மேல! மேலன்னா காதுக்கிட்ட இல்ல!" என்று கத்த, "இவ்வளவு தெரிஞ்சவர் உங்க கையாலயே அழுத்திக்கோங்க" என்று அவள் கையை உதறிவிட்டுப் போய்விட்டாள். காலையில் வலதுபக்கமும் பாதி போய்விட்டது.

வியாழக்கிழமை கிளினிக் காம்பவுண்டுச் சுவர் இடிந்தது. டாக்ஸி டிரைவர் ரிவர்ஸ் எடுத்திருந்தார்.

"நீங்க சொன்னபடி முழு உடம்போட திரும்பினேன் டாக்டர். காலும் உடம்புலதானே இருக்கு, அதுவும் பிரேக்கை விட்டுத் திரும்பிடுச்சு!"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, வரவேற்பில் இருக்கும் பெண்ணை ரகசியமாக உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தி, கட்டிலில் குப்புறப் படுத்து, எங்கே கட்டைவிரல் வைக்க வேண்டும் என்று விளக்கினார். அவளும் கெட்டிக்காரி, சரியான இடத்தில்தான் வைத்தாள். மெல்ல அழுத்த வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்திருந்தார்.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

அவள் வெளியே வந்தபோது காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"உள்ள யாரும்மா?"

"யாரும் இல்லைங்களே" என்றாள் விசுவாசமாக.

ஆளே இல்லாத அறையில் இந்த அலறல் என்றால், ஆள் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் பாக்கியில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நாளை மேடை. டாக்டருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருஷம் எத்தனை கழுத்தைத் திருப்பியிருப்பார், தன் கழுத்தைத் திருப்ப இந்த ஊரில் ஒரு கை இல்லையா? இருந்தது, ஒரே ஒரு கை. அதை நினைக்கவே கசந்தது. ஆனால் மானம் பெரிதா, நாளைய மேடை பெரிதா?

அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால், "யார் வந்தாலும் ஒரு வீட்டுக்குப் பேஷண்டைப் பாக்கப் போயிருக்கேன்னு சொல்லி உக்கார வை" என்று வரவேற்புப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார். யாராவது தொழில் கேட்டால் தையல்காரர். குனிந்தே இருக்கிற வேலை, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மெயின் ரோட்டு கிளினிக்கின் படியேறும்போதே கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. வரிசையாக ஆட்கள் நின்று தாங்களாகவே தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கதவு மாதிரி திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அடப் பாவி! என் முறையைத் திருடிட்டானே!" என்று டாக்டர் பல்லைக் கடித்தார். அது முறையே இல்லை என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு மறந்துவிட்டது. கடித்ததில் கழுத்து இன்னும் கொஞ்சம் பிடித்தது. வேறு வழியில்லை, உள்ளே போனார்.

வரவேற்பில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் அதே சுருள் முடி போட்டோ.

"கழுத்துங்களா? என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல்காரன்மா. ரெண்டு பக்கமும் திரும்பலை. நாளைக்கு முக்கியமான ஜோலி ஒண்ணு இருக்கு. டாக்டர் எப்படியாவது இன்னிக்கே பாத்து விடணும்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அந்த அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் இல்லீங்க தம்பி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அந்தப் போட்டோவுல இருக்கற முடி போன மாதிரி இப்ப கழுத்தும் போயிடுச்சு அவருக்கு. கடிகாரம் ரிப்பேர் பண்றவன்னு பொய் சொல்லிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கிட்டு உள்தெருவுல ஒரு கழுத்து டாக்டர்கிட்ட அஞ்சு மணிக்குப் போயிருக்கார். நல்ல கைதானாம், ஆனா பாவம், அந்த ஆளுக்கே கழுத்து திரும்பலையாம்!"