பந்து வளர்ச்சி அலுவலகம்

ராயகிரி அருண்பாண்டி கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரர். கோவா, கொல்கத்தா, சென்னை என்று பல கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடியவர். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பார். முன்னால் நிற்பவனுக்குக் கொடுப்பார். கொடுத்துவிட்டு மறுபடியும் பறிக்க ஓடுவார். முன்னால் நின்றவன் கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுற்றுவான். டி.வி. அவன் பின்னாலேயே போகும். ஊரில் குடும்பமே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்ததில், அருண்பாண்டியின் முதுகும் ஒரு முழங்கையும்தான் இதுவரை தெரிந்திருக்கின்றன.

முழங்கால் தேய்ந்ததும் கிளப்பில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மனைவி வேல்விழிக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை. ஆகவே தென்காசியில் வீடு பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து, மாவட்டப் பந்து வளர்ச்சி அலுவலகத்தில் பயிற்சியாளர் பணியிடம் காலி என்று அறிவிப்பு வந்தது. அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து பார்த்ததாக அலுவலகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"ஏலே அருணு, இது உனக்குன்னே வந்த வேலைலே," என்றார் எதிர்வீட்டுப் பழக்கடை முத்துராஜ். "ஜில்லாவுல வேற எவன் பந்து ஆடிப் பொழைச்சிருக்கான்?"

மனுவை வாங்கிய அலுவலர் மந்திரமூர்த்தி இதற்கு முன் கால்நடைப் பிரிவில் இருந்தவர். கால்நடை, கால்பந்து இரண்டிலும் 'கால்' இருந்ததால் மாற்றலில் சிக்கல் ஏதும் எழவில்லை.

"எத்தனை கோல் போட்டிருக்கீங்க, தம்பி?"

"கோல் போடல சார். நான் மிட்ஃபீல்டர்."

"ஒண்ணுகூடவா போடல?"

"பந்தைப் பறிச்சுக் கொடுக்கதுதான் என் வேலை. கோல் போடுதது முன்னால நிக்கவங்க வேலை."

"வந்ததை எல்லாம் அடுத்தவன்கிட்ட தள்ளி விட்டுருக்கீங்க. இங்க ஃபைலை நாங்களும் அப்படித்தான் தள்ளுதோம். எங்களுக்கு யாரும் கைதட்டுனதில்லையே."

அருண்பாண்டி செல்போனில் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். மந்திரமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல நீங்க எங்க?"

"இந்தா, வலது ஓரத்துல ஓடுதேன்லா சார்."

"பந்து இடது பக்கமுல்லா கிடக்கு?"

"ஆமா சார். நான் இங்கன ஓடுனா எதிராளி ரெண்டு பேரு என் பின்னால வருவான். அங்கன நம்மாளுக்கு இடம் கிடைக்கும்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். அவன் கோல் போட்டுட்டான்."

மந்திரமூர்த்தி குறிப்பெழுதினார்: 'மனுதாரர் பணி நேரத்தில் பந்து இன்றிச் சுற்றித் திரிந்துள்ளார்.'

இருந்தாலும் அவர் இரக்கமுள்ளவர். "விதிப்படி மேலதிகாரி முன்னிலையில குறைஞ்சது ஒரு கோலாவது போட்டிருக்கணும். சாரல் விழாவுல அலுவலர் அணிக்கும் வியாபாரிகள் அணிக்கும் மேட்ச் இருக்கு. எங்க பக்கம் ஆடுங்க. ஒரு கோலைப் போடுங்க, ஆர்டரைக் கையில தாறேன்," என்றார்.

அன்று சாயங்காலம் வேல்விழி கறாராகச் சொன்னாள். "பந்து வந்தா நேரா கொண்டுபோயி அடிங்க. யாருக்கும் கொடுக்காதீய."

"சரி."

"சுவரைப் பாத்துச் சொல்லாம என்னப் பாத்துச் சொல்லுங்க."

"கொடுக்க மாட்டேன்."

குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அலுவலர் அணி புது ஜெர்சியில் இறங்கியது. முதுகில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதவி அச்சாகியிருந்தது. சிலருக்குப் பதவி நீளமாக இருந்ததால் எழுத்து இடுப்பைச் சுற்றி முன்பக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பார்த்து எல்லோரும் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. மேலதிகாரி பந்தலில் உட்கார்ந்திருந்தார். அணித் தலைவர் மந்திரமூர்த்தி குடையோடு எதிரணியின் கோல் அருகே போய் நின்றுகொண்டார்.

அருண்பாண்டி பந்தைப் பறித்தார். ஜவுளிக்கடையைத் தாண்டினார். ஹார்டுவேரைத் தாண்டினார். கோல்கீப்பர் முத்துராஜ் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கோல் வாசல் திறந்து கிடந்தது. ஓரக்கண்ணில் மந்திரமூர்த்தி தெரிந்தார். அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. அருண்பாண்டி யோசிப்பதற்குள் கால் பந்தைக் கொடுத்துவிட்டது.

அப்போது மந்திரமூர்த்தி போட்டோக்காரருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். பந்து அவர் முழங்காலில் பட்டு உள்ளே போனது. கூட்டம் கத்திய பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. கோல் வாங்கிய முத்துராஜே சேற்றோடு எழுந்து வந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து வேல்விழி கேட்டாள். "ஏன் கொடுத்தீய?"

"அவரு தனியா நின்னாரு."

அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மேலதிகாரி விதியைப் புரட்டிப் பார்த்தார். அவர் முன்னிலையில் கோல் போட்டவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். 'தகுதியுடைய பிற நபர் எவரும் இல்லாமையால்' பயிற்சியாளர் பணி மந்திரமூர்த்தியிடமே கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது.

அவர் தமக்குக் கைவந்த முறையையே கற்றுக்கொடுத்தார்: எதிரணியின் கோல் பக்கத்தில் போய் நில், பந்து வரும். பெற்றோருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. நடுவில் ஆட ஆள் வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, மாரிச்செல்வி என்ற ஒரு தாயார், "எம்புள்ள எதுக்கு அடுத்தவன் புள்ளைக்காக ஓடணும்?" என்று திருப்பிக் கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் முன்கள ஆட்டக்காரர்கள் ஆனார்கள். தென்காசியைப் பார்த்துச் சிவகிரியும் அதே முறைக்கு மாறியது.

மாவட்ட இறுதிப் போட்டியில் இரண்டு ஊர்களும் மோதின. நடுவர் விசில் ஊதினார். தென்காசிப் பிள்ளைகள் சிவகிரி கோலுக்கு ஓடினார்கள். சிவகிரிப் பிள்ளைகள் தென்காசி கோலுக்கு ஓடினார்கள். போய் நின்று, பந்து கேட்டுக் கையைத் தூக்கினார்கள். பந்து மைதானத்தின் நடுவில் நனைந்துகொண்டு கிடந்தது.

"ஆட்டம் விறுவிறுப்பான கட்டத்தை எட்டியுள்ளது," என்றது ஒலிபெருக்கி.

இடைவேளை வந்தது. பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். மறுபடியும் விசில், மறுபடியும் தூக்கிய கைகள். ஒரு தகப்பனார் மட்டும், "எவனாவது பந்தை எடுத்துட்டு வாங்கலே," என்றார். அவர் பிள்ளையும் நகரவில்லை.

அருண்பாண்டியால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேல்விழி கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் மைதானத்துக்குள் இறங்கினார். நொண்டி நொண்டி ஓடிப்போய்ப் பந்தை அழகாக ஒரு பையனுக்குத் தட்டிவிட்டார். பையன் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. பயந்து விலகிக்கொண்டான்.

கூட்டம் கொந்தளித்தது. "யாருவே அவன், நடுவுல வந்து ஆட்டத்தக் கெடுக்கது?" முத்துராஜின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. போலீஸ்காரர் இருவர் அருண்பாண்டியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். ஒரு கோல்கூட வாங்காத அபாரத் தடுப்பாட்டத்துக்காக இரண்டு ஊர்களுக்கும் கோப்பை வழங்கப்பட்டது.

மறுநாள் காலையில் முத்துராஜ் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அருண்பாண்டி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதலே," என்றார் முத்துராஜ். "கூட்டத்தோட கூட்டமா நானும் சத்தம் போட்டுட்டேன்."

"அதனால என்ன அண்ணாச்சி."

முத்துராஜ் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா கொடுத்ததுதான் கொடுத்த. எம்மவனும் அங்கனதான் நின்னான். அவனுக்குக் கொடுத்திருக்கலாம்லாலே."